மர இறக்குமதிக் கணக்கில் நம் பங்கு: சூழல் இயக்கத்தினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வெப்பமண்டலக் காடுகள் அழிவதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சீனாவின் பெயர்தான் நம் வாயில் முதலில் வருகிறது. இந்தியா, சீனா ஆகிய இரு நாடுகளும் ஆண்டுதோறும் இறக்குமதி செய்த கடினமரத்தின் டாலர் மதிப்பை ஒரே தாளில் இரண்டு கோடுகளாக வரைந்தால், சீனாவின் கோடு எங்கோ உயரத்தில் ஏறிப்போகும். இந்தியாவின் கோடு அடியிலேயே கிடக்கும். ஐக்கிய நாடுகள் அவையின் வணிகத் தரவுகள் எல்லோருக்கும் திறந்திருப்பதால் இந்தப் படத்தை யாரும் சில நிமிடங்களில் வரைந்துவிடலாம். படத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் காட்டி, காடுகளை அழிப்பவர்கள் அவர்கள், நாம் அல்ல என்று பேச்சை முடித்துவிடுவது தவறு. இந்தியாவும் சீனாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் தம் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. மரத்தின் தேவையை இரண்டு நாடுகளும் குறைத்துக்கொள்ளவில்லை. வெட்டு வேறு நாடுகளின் காடுகளுக்குப் போயிற்று. அதில் நமக்குள்ள பங்கை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கேற்ற சட்டத்தை நம் அரசிடம் கேட்க வேண்டும் என்பதே நான் உங்களிடம் சொல்ல வந்தது.

கதை நம் நீலகிரியில் தொடங்குகிறது. கூடலூர்ப் பகுதியில் காடு வெட்டப்படுவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு வட்டாரத்தின் வழக்காகத் தொடங்கியதை நீதிமன்றம் நாடு முழுவதற்குமான வழக்காக விரித்துக்கொண்டது. 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த இடைக்கால ஆணையில், மத்திய அரசு ஏற்ற செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போவதற்குத் தடை விழுந்தது. தமிழ்நாட்டுக் காடுகளில் மரம் வெட்டுவது முழுவதுமாக நிறுத்தப்பட்டது. சுதந்திர இந்தியாவின் சூழல் வரலாற்றில் இதற்கு இணையான ஆணைகள் மிகச் சில. உங்களில் பலர் இன்றும் வழக்குமன்றத்தில் துணைக்கு அழைப்பது இந்த ஆணையைத்தான். அந்த ஆணை நல்லது, அது நிலைக்க வேண்டும். அதே ஆண்டுகளில் வீடு கட்டுவது குறைந்ததா, நிலைக்கும் கதவுக்கும் கட்டிலுக்கும் மரம் கேட்பது நின்றதா என்ற கேள்வியை மட்டும் நாம் கேட்காமலே இருந்துவிட்டோம்.

சீனாவில் அதே வேலையை வெள்ளம் செய்தது. 1998 கோடையில் யாங்சி ஆறு பெருகி ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. மேல்நிலத்துக் காடுகளை மொட்டையடித்ததும் அந்த அழிவுக்கு ஒரு காரணம் என்று அந்நாட்டு அரசே ஏற்றுக்கொண்டது. யாங்சியின் மேற்பகுதியிலும் மஞ்சள் ஆற்றின் மேற்பகுதியிலும் இயற்கைக் காடுகளில் வெட்டு நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே, 1999-ல், உருட்டு மரத்துக்கும் அறுத்த மரத்துக்கும் இருந்த இறக்குமதி வரி நீக்கப்பட்டது. உள்ளே ஒரு கதவை அடைத்த கை வெளியே இன்னொன்றைத் திறந்தது என்பது அந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்தாலே தெரியும். 2017-க்குள் தடை நாட்டின் இயற்கைக் காடுகள் அனைத்துக்கும் நீண்டது. அந்த ஆண்டில் சீனா வாங்கிய உருட்டு மரம் ஏறத்தாழ 5.5 கோடி கனமீட்டர். அறுத்த மரம் 3.7 கோடி கனமீட்டருக்குச் சற்று அதிகம். ஊசியிலை மரங்களும் இதில் சேர்த்தி. கொடுத்த விலையைப் பார்த்தால் இரண்டுக்கும் தலா ஏறத்தாழ 1,000 கோடி டாலர். அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்த அறுத்த மரத்துக்கும் உருட்டு மரத்துக்குக் கொடுத்த அதே பணம் போயிருக்கிறது. மதிப்பை மட்டும் பார்ப்பவர் எங்கே வழுக்குவார் என்பது இந்த ஓர் ஆண்டுக் கணக்கிலேயே இருக்கிறது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒப்பீடு முழுவதும் இதில்தான் நிற்கிறது. உலகச் சுங்கக் குறியீட்டில் உருட்டு மரம் 4403, அறுத்த மரம் 4407. வெப்பமண்டல மரத்தடி ஒன்றை அறுத்தால் பட்டையும் சிலாம்பும் மரத்தூளும் கழிந்து ஏறத்தாழப் பாதிதான் பலகையாகத் தேறும். எனவே ஒரு நாடு தடியாக வாங்குவதை விட்டுப் பலகையாக வாங்கத் தொடங்கினால், காட்டில் விழும் மரங்களின் எண்ணிக்கை மாறாமலே கனமீட்டர் கணக்கு இறங்கும், கனமீட்டருக்கான விலை ஏறும். இந்தியா நெடுங்காலம் தடியாக வாங்கிய நாடு. உள்நாட்டு மர அறுவை ஆலைகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று உருட்டு மரத்துக்கு 5 விழுக்காடும் அறுத்த மரத்துக்கு 10 விழுக்காடும் அடிப்படைச் சுங்கவரி வைத்தோம். காண்ட்லாவில் இறங்கினாலும் தூத்துக்குடியில் இறங்கினாலும், தடியாக வந்த மரத்தை இங்கே அறுப்பதுதான் வழக்கம். ஆகவே 4407 என்ற ஒரு குறியீட்டை மட்டும் எடுத்து இரு நாடுகளையும் ஒப்பிட்டால் இந்தியா ஏறக்குறைய மரமே வாங்காத நாடு போலத் தெரியும். நாம் வாங்கிய மரம் பக்கத்து வரிசையில், 4403-ல் கிடக்கும். அறுத்த மரத்தின் அளவை இரட்டித்து உருட்டு மரத்தோடு கூட்டி ஒப்பிட்டால்தான் நேர்மையான படம் கிடைக்கும். அந்தப் படத்திலும் சீனா மேலேதான் இருக்கும். ஆனால் இந்தியா அடியில் மறைந்து கிடக்காது.

அடுத்து, எந்த மரம் என்ற கேள்வி. சுங்கத்தின் கடினமரப் பட்டியலில் பர்மாக் காட்டில் நூறாண்டு நின்ற தேக்கும் உண்டு, பால் வற்றியதும் தோட்டத்தில் வெட்டித் தள்ளப்படும் ரப்பர் மரமும் உண்டு. தாய்லாந்து ரப்பர் மரப் பலகையின் மிகப் பெரிய வாடிக்கையாளர் சீனா. இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த அந்த மரங்கள் வாங்க ஆள் இல்லாவிட்டாலும் வெட்டப்படத்தான் போகின்றன. அவற்றுக்குக் கொடுத்த டாலரும் சீனாவின் கோட்டை உயர்த்துகிறது. இந்தியாவின் பக்கம் பாருங்கள். 2014 ஏப்ரல் 1-ல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியைத் தடைசெய்யும்வரை அந்நாட்டுத் தேக்குத் தடிகளின் மிகப் பெரிய வாடிக்கையாளர் இந்தியாதான். அவை தோட்டத்தில் நட்டு வளர்த்தவை அல்ல, இயற்கைக் காட்டிலிருந்து வந்தவை. தடைக்குப் பிறகு பனாமா, கோஸ்டாரிகா, ஈக்வடார், கானா, தான்சானியா என்று தோட்டத் தேக்கைத் தேடி நம் வணிகர்கள் போனார்கள். தேக்கு இறக்குமதி என்ற பெயர் மாறவில்லை. மரம் நின்ற நிலம் மட்டும் அடியோடு மாறிவிட்டது. ஆறு இலக்க அளவில் தேக்குக்குத் தனிக் குறியீடு உலகச் சுங்க அமைப்பின் 2022 திருத்தத்தில்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய ஆண்டுகளின் நாட்டிடை ஒப்பீட்டில் இந்த மாற்றம் தனியாகக் கண்ணுக்குப் படுவதுகூட இல்லை.

விலையும் தன் பங்குக்குக் கோட்டை ஏற்றி இறக்குகிறது. மலேசிய மாநிலமான சரவாக்கின் உருட்டு மரத்தை அதிகம் வாங்கிய நாடு இந்தியா. 2017 ஜூலையில் சரவாக் அரசு மலைக்காட்டு மரத்துக்கான கூடுதல் கட்டணத்தைக் கனமீட்டருக்கு 0.80 ரிங்கிட்டிலிருந்து 50 ரிங்கிட்டாக உயர்த்தியது. அதுபோன்ற ஓர் ஆண்டில் இந்தியக் கோடு ஏறினால் கூடுதலாக மரம் வந்தது என்று பொருளாகாது. சீனாவின் கோட்டில் 2014-ஐ ஒட்டித் தெரியும் செங்குத்தான உச்சிக்குப் பெரும் காரணம் ஈட்டி வகை மரங்களின் மீதான பித்து. மிங், சிங் காலத்துப் பாணியில் அறைகலன் செய்ய அம்மரங்களைத் தேடினார்கள். 2013-ல் சியாம் ஈட்டி அருகிவரும் உயிரின வணிக உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியதும் பதுக்கல் பெருகி விலை எகிறியது, 2015-ல் சரிந்தது. சரிந்த கோட்டைப் பார்த்துக் காடு பிழைத்தது என்று எண்ணுவதற்கில்லை. வாங்குபவர்கள் மேற்கு ஆப்பிரிக்க மரத்தின் பக்கம் இன்னும் வேகமாகத் திரும்பினார்கள். நாணயத்தின் ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011-ன் நடுவில் டாலருக்கு ஏறத்தாழ 45 ரூபாயாக இருந்தது 2013 ஆகஸ்டில் 68-ஐத் தொட்டது. ரூபாயில் வரைந்த இறக்குமதிக் கோடு அந்த இரண்டாண்டில் ஒரு தடி கூடுதலாக வராமலே ஏறியிருக்கும்.

இவை எல்லாம் கணக்குக்குள் வந்த மரத்தின் சிக்கல்கள். கணக்குக்கு வராத மரம் இன்னும் பெரிய சிக்கல். லண்டனைச் சேர்ந்த சுற்றுச்சூழல் புலனாய்வு முகமை 2014-ல் ஓர் எளிய வேலையைச் செய்தது. மியான்மர் தான் ஏற்றுமதி செய்ததாகச் சொன்ன உருட்டு மரத்தையும், மியான்மரிலிருந்து வந்ததாக உலக நாடுகள் பதிவுசெய்த இறக்குமதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. 2000 முதல் 2013 வரை வாங்கியவர்கள் கணக்கில் 2 கோடியே 28 லட்சம் கனமீட்டர் இருந்தது. விற்றவர் கணக்கில் அதில் ஏறத்தாழ 28 விழுக்காடுதான் இருந்தது. மீதி 72 விழுக்காடு எந்த அனுமதியும் இல்லாமல் வெளியேறிய மரம் என்று அம்முகமை முடிவுசெய்தது. அந்த இறக்குமதியில் சீனாவுக்குத் தரைவழியாக யுன்னான் எல்லையைத் தாண்டிப் போனதும் அடக்கம், கடல்வழியாக நமக்கு வந்ததும் அடக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா தன் ஈட்டி வகை மரம் அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவித்த பிறகும் அங்கிருந்து சீனாவுக்குக் கப்பல் கப்பலாக அதே மரம் போயிற்று. எல்லைக்கு அப்பால் செனகலின் காசமான்ஸ் காடுகளில் வெட்டப்பட்டது அது. சுங்கத் தாளில் பிறப்பிடம் காம்பியா என்றே நிற்கும்.

நமக்கு மிக அருகில் நடப்பதைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. ஆந்திரத்துச் சேஷாசல மலைக்காட்டுச் செம்மரம் சீனாவின் உயர்விலை அறைகலன் மரப் பட்டியலில் இருக்கிறது. அங்கே அதற்குக் கிடைக்கும் விலைக்காக இங்கே திருட்டு வெட்டு நடக்கிறது. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் வேலை இல்லாத ஆட்களைக் கூலி பேசி அழைத்துப்போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். கடத்திப் போன அந்த மரம் இந்தியாவின் ஏற்றுமதியிலும் இல்லை, சீனாவின் இறக்குமதியிலும் இல்லை. மரமும் போய், ஆளும் போய், கோட்டில் ஒரு புள்ளி அளவுகூட அசைவில்லை. இறக்குமதி மதிப்பைக் காடழிவின் அளவுகோலாகப் பிடிப்பவர்கள், தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதை மறந்து பேசக் கூடாது.

இனி நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் சீனாவின் அளவு பல மடங்கு பெரிது, பிறகு எதற்கு இந்த நுணுக்கம் என்று கேட்பீர்கள். பெரிதுதான், அதை எந்தத் திருத்தமும் மாற்றாது. சீனாவின் மீதான குற்றச்சாட்டைக் குறைக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்த மரம் யாருக்குப் பயன்பட்டது என்பதையும் பாருங்கள். சீனா வாங்கிய மரத்தில் கணிசமான பகுதி கட்டிலாகவும் தரைப்பலகையாகவும் ஒட்டுப்பலகையாகவும் மாறி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயிற்று. சீனப் படுக்கையறை அறைகலன்கள் குவிவதைத் தடுக்க அமெரிக்கா 2005-லேயே தனி வரி போட வேண்டியிருந்தது. இந்தியா வாங்கிய மரமோ பெரும்பாலும் இந்தியாவிலேயே தங்கிவிட்டது. அது நம் வீட்டு நிலை, நம் வீட்டுக் கதவு. சீனாவின் கோட்டுக்குப் பொறுப்பைப் பல நாடுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்தியாவின் கோட்டுக்குப் பொறுப்பு ஏறத்தாழ முழுவதும் நம்முடையது. கோடு சிறிதாக இருப்பதால் இது மாறிவிடாது.

மதிப்பை நம்பக் கூடாது என்றால் எதை நம்புவது, கன அளவுக் கணக்கு இன்னும் மோசம் அல்லவா என்பது வலுவான மறுப்பு. உண்மைதான். நம் மர வாடிகளில் பழகிய ஹாப்பஸ் முறையில் தடியின் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குகிறார்கள். அப்படி வருவது உண்மைக் கன அளவில் 78.5 விழுக்காடுதான். ஒரு நாடு அந்த அளவிலும் இன்னொரு நாடு உண்மைக் கனமீட்டரிலும் பதிவுசெய்தால், ஒப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கு அறியாமலே காணாமல் போகும். அதனால்தான் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கச் சொல்லவில்லை. மதிப்பையும் அளவையும் சேர்த்து வையுங்கள். ஒன்றை மற்றதால் வகுத்துக் கனமீட்டரின் சராசரி விலையை ஆண்டுவாரியாகப் பாருங்கள். அது திடீரென்று துள்ளும் ஆண்டில் விலை மாறியதா, மரம் மாறியதா, தடி பலகையானதா என்று கேளுங்கள். விற்ற நாட்டின் ஏற்றுமதிக் கணக்கோடும் ஒத்துப்பாருங்கள். வாங்கியவர் கணக்கு மிகுந்து விற்றவர் கணக்கு குறைந்திருந்தால் அந்த இடைவெளியில்தான் திருட்டு மரம் இருக்க வாய்ப்பு அதிகம். இதற்குப் பெரிய நிபுணத்துவம் வேண்டியதில்லை, பொறுமை போதும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். வெட்டிய நாட்டின் சட்டத்தை மீறி வெட்டப்பட்ட மரத்தை இறக்குமதி செய்வது குற்றம் என்று அமெரிக்கா 2008-ல் லேசி சட்டத்தைத் திருத்தியது. ரஷ்யத் தூரக்கிழக்கில் திருட்டுத்தனமாக வெட்டிய ஓக் மரத்தாலான தரைப்பலகையைச் சீனா வழியாக வாங்கி விற்றதற்காக லம்பர் லிக்விடேட்டர்ஸ் நிறுவனம் 2016-ல் 1.3 கோடி டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது இந்தச் சட்டத்தை மீறியதால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் மர ஒழுங்குமுறை 2013-ல் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியா, ஜப்பான், தென்கொரியா ஆகியவை பின்தொடர்ந்தன. வியட்நாம் 2020-ல் இறக்குமதியையும் உள்ளடக்கிய ஆணை கொண்டுவந்தது. நாம் விரல் நீட்டும் சீனாவே தன் காட்டுச் சட்டத்தைத் திருத்தி, திருட்டு மரம் என்று தெரிந்தே வாங்குவதையும் பதப்படுத்துவதையும் 2020 ஜூலை முதல் தடைசெய்திருக்கிறது. அது இறக்குமதி மரத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தெளிவாக இல்லைதான். ஆனாலும் அந்த வாசகம் அவர்கள் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. நம்மிடம் அதற்கு ஒப்பான பொதுச் சட்டம் இல்லை. அருகிவரும் உயிரின வணிக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள சில இனங்களைத் தவிர, நம் துறைமுகத்தில் இறங்கும் தடியில் பூச்சி இருக்கிறதா, புகையூட்டிய சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அது முறையாக வெட்டப்பட்டதா என்று கேட்பதில்லை.

இப்படி ஒரு சட்டம் வந்தால் சிறிய அறுவை ஆலைகளும் தச்சர்களும் பாதிக்கப்படுவார்களே என்ற கவலை நியாயமானது, உங்களில் உழைப்பாளர் பக்கம் நிற்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். சுமையை இறக்குமதி செய்பவர் மீது மட்டும் வைக்க வேண்டும். கப்பலிலிருந்து மரத்தை முதலில் தன் பெயரில் எடுப்பவர் வெட்டு அனுமதி, வெட்டிய இடம், இனம் ஆகிய மூன்றுக்கும் தாள் காட்டட்டும். ஐந்து தடி வாங்கி அறுக்கும் ஆலைக்காரரிடமும் கதவு செய்யும் ஆசாரியிடமும் கேட்க வேண்டியதில்லை. மரத்தின் விலை சிறிது ஏறக்கூடும் என்பதை மறைக்க மாட்டேன். திருட்டு மரம் மலிவாக இருப்பதே அதற்கான விலையை வேறு நாட்டின் ஊர்க்காரர்கள் கொடுப்பதால்தான். தவிரவும், விலை ஏறுவது இங்கே வரப்போரத்தில் தேக்கும் மலைவேம்பும் நட்டிருக்கும் விவசாயிக்குக் கைகொடுக்கும். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பல ஆண்டுகளாக ஊக்குவித்துவரும் வேளாண் காடு வளர்ப்புக்கு நல்ல விலை கிடைக்கத் தடையாக நிற்பவற்றில் கேள்வி கேட்காமல் இறங்கும் மலிவு மரமும் ஒன்று.

ஆகவே உங்களிடம் வேண்டுவது இதுதான். இரு நாடுகளின் இறக்குமதிக் கோடுகளை இனி வெளியிடும்போது 4403, 4407 இரண்டையும் சேர்த்து, டாலரோடு கனமீட்டரையும் போட்டு, 1996, 1998, 2014 ஆகிய ஆண்டுகளை அதில் குறித்து வெளியிடுங்கள். அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்தொடருக்கு முன் உங்கள் தொகுதி உறுப்பினரைச் சந்தித்து, திருட்டு மர இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் எப்போது வரும் என்று அமைச்சகத்திடம் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். கோதவர்மன் வழக்கில் காடு வெட்டுவதை நிறுத்தச் சொல்லிக் கேட்டது தமிழ்நாட்டின் ஒரு மூலையிலிருந்துதான். இந்தக் கோரிக்கையையும் இங்கிருந்தே முதலில் எழுப்புங்கள்.

அன்புடன்,
உங்களோடு இந்த அக்கறையைப் பகிரும் ஒருவர்